மூச்சும் நரம்பும்

இசைக் கருவிகளை அவற்றின் விலையைக் கொண்டும் பருமனைக் கொண்டும் மதிப்பிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெரிய பெட்டியும் பெரிய ஓசையும் பெரிய மேடையும் இருந்தால் அதனைக் கலை என்கிறோம். கையடக்கமான ஒரு கருவியும் இரண்டே இரண்டு பேரும் இருந்தால் அதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இத்தீர்ப்பு எந்த அளவுக்கு நியாயமானது என்பதை, மெலோடிக்கா, கித்தார் என்னும் இரு கருவிகளை மட்டும் கொண்டு இருவர் நிகழ்த்தும் இணையிசையை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளை கையில் எடுக்கும் எளிய கருவியை விளையாட்டுச் சாமான் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையின் உழைப்பும் அன்றே விளையாட்டாகிவிடுகிறது. ஆதலின், தீர்ப்பு எழுதுமுன் கருவிகளை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

கருவிகளின் குலம்

ஆர்மோனியப் பெட்டியை அறியாத தமிழ் இல்லம் அரிது. துருத்தி காற்றை ஊட்டுகிறது. கட்டையை அழுத்தியதும் உள்ளே இருக்கும் ரீடு என்னும் உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. அந்தத் துருத்தியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மனிதனின் நுரையீரலை வைத்தால் கிடைப்பதே மெலோடிக்கா. வாயால் ஊதிக்கொண்டே விரலால் கட்டைகளை அழுத்த வேண்டும். 1857ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிராசிங்கன் நகரில் தொடங்கப்பெற்ற ஹோனர் நிறுவனம், 1950களின் பிற்பகுதியில் இக்கருவிக்கு இன்று வழங்கும் பெயரையும் வடிவையும் கொடுத்தது. 1961இல் ஜப்பானின் சுசுகி நிறுவனம் மெலோடியன் என்ற பெயரில் இதன் உடன்பிறப்பை உருவாக்கியது. யமஹா நிறுவனமோ பியானிகா என்று பெயரிட்டது. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சுரத்தை முதன்முதலாகத் தொட்டறிவது இக்கருவியின் வாயிலாகத்தான். அந்தப் பெருமையே இதற்குப் பழியாகவும் முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கருவி என்பதால் பெரியவர்களின் மேடை இதற்கு நெடுநாள் கதவடைத்தது.

கித்தாரின் நிலை வேறு. அரபு மக்களின் அல்-ஊது ஐரோப்பாவுக்குச் சென்று லூட் என்று பெயர் மாறிய வரலாறு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. கித்தார் அந்த லூட்டின் நேர் வாரிசு இல்லையாயினும், விரலால் மீட்டும் நரம்புக் கருவிகளின் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்பெயின் நாட்டின் கைவினைஞரான அன்டோனியோ டி டோரஸ் (1817–1892) இன்றைய செவ்வியல் கித்தாரின் உடலமைப்பை நிலைநிறுத்தினார். அவருக்குப் பிறகு, கித்தார் அரங்கத்திலும் அமர்ந்தது, தெருவிலும் நடந்தது. இரண்டு இடங்களிலும் அதற்கு மரியாதை குறையவில்லை.

இவ்வாறு, ஒன்று மதிப்புப் பெற்றது, மற்றொன்று மதிப்பிழந்தது என்ற நிலையில் இரண்டும் ஒரு மேடையில் அமரும்போது, கேட்பவர் மனம் கித்தாரை ஆசிரியராகவும் மெலோடிக்காவை மாணவனாகவும் கருதிக்கொண்டே கேட்கத் தொடங்குகிறது. இந்த இணையிசை எதிர்கொள்ளும் முதல் இடையூறு இதுவே.

ஒரு பழைய வழக்கு

ரீடு கருவிகளின் மீது சாட்டப்படும் குற்றம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1940ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி தன் நிலையங்களிலிருந்து ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. சுரங்கள் அசையாமல் கட்டிவைக்கப்பட்ட கருவி, நம் இசையின் உயிரான கமகத்தை எப்படித் தரும் என்பதே தடையின் பின்னிருந்த கேள்வி. அக்கேள்வியில் உண்மை இருந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் வழுக்கிச் செல்ல ஆர்மோனியத்தால் இயலாது.

ஆனால் குறையைச் சொன்னவர்கள், அக்கருவி எதைச் சிறப்பாகச் செய்யும் என்று கேட்கவில்லை. வானொலி விலக்கிய அந்த முப்பத்தோராண்டுக் காலத்திலும், கவ்வாலி மேடைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் ஆர்மோனியம் மக்கள் குரலுக்குத் துணை நின்றது. ஒரு கருவியின் குறையை அறிவது விமரிசனத்தின் பாதி. அதன் எல்லைக்குள் அது என்ன செய்கிறது என்று காண்பது மறுபாதி. பின்னதைச் செய்யாதவர் விமரிசகர் ஆகார், வழக்காளியே ஆவார்.

மெலோடிக்காவை இந்த அளவுகோலால் பார்ப்போம். கமகம் இதிலும் முழுமையாக வாராது. கட்டையைப் பாதி அழுத்தி மூச்சைக் கூட்டினால் சுருதி சற்றே தாழும், அவ்வளவுதான். ஆயினும், ஆர்மோனியத்தில் இல்லாத ஒரு செல்வம் இதில் உண்டு. துருத்தியை இயக்கும் கைக்கு அறியாத நுணுக்கங்கள் மூச்சுக்குத் தெரியும். நாவின் நுனியால் ஒரு சுரத்தைக் கூர்மையாகத் தொடங்கலாம். மூச்சை மெல்ல வளர்த்து அதே சுரத்தை மலரச் செய்யலாம். இறுதியில் மெலிந்து மறையவும் செய்யலாம். சுருக்கமாகச் சொன்னால், இது பேசத் தெரிந்த ஆர்மோனியம்.

கிங்ஸ்டன் தந்த விடை

இக்கருவி விளையாட்டுச் சாமானா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவிலிருந்து வந்தது. அகஸ்டஸ் பாப்லோ என்ற பெயரில் உலகறிந்த ஹோரஸ் ஸ்வாபி, 1972இல் வெளிவந்த 'ஜாவா' என்ற இசைத்தட்டின் மூலம் மெலோடிக்காவை ரெகே இசையின் நடுவே கொண்டுவந்து அமர்த்தினார். 1976இல் 'கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' என்ற தொகுப்பும், 1977இல் 'ஈஸ்ட் ஆஃப் தி ரிவர் நைல்' என்ற தொகுப்பும் வெளிவந்தன. 1999இல் அவர் மறைந்தார். ஒலிப்பதிவில் அவருக்குத் துணைநின்ற கிங் டப்பி (1941–1989) மின் கருவிகளைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கருவியைத் திறந்து பார்க்கத் தெரிந்த கையே, ஒலியைத் திறந்து பார்க்கவும் துணிந்தது.

நம் பொருளுக்கு வேண்டியது வேறொன்று. 'ஈஸ்ட் ஆஃப் தி ரிவர் நைல்' தொகுப்பில் கித்தார் வாசித்தவர் ஏர்ல் 'சின்னா' ஸ்மித். அதில் கித்தாரும் மெலோடிக்காவும் தம்முள் போட்டியிடவில்லை. ரெகே மரபின்படி கித்தார் தாளத்தின் எதிர்த்தட்டில் குறுகிய வெட்டுகளாக ஒலித்து உடனே அடங்குகிறது. மெலோடிக்காவோ மைனர் சுரவரிசையில், அவசரமின்றி, நீண்ட கார்வைகளோடு நடக்கிறது. ஒன்று காலத்தை அளக்கிறது. மற்றொன்று அந்தக் காலத்தை நிரப்புகிறது. பாப்லோ வாசித்த சுரங்கள் மிகக் குறைவு. வாசிக்காமல் விட்ட இடங்களே அவர் இசைக்கு ஆழம் தந்தன.

இதனை அப்படியே எடுத்து இருவர் இசைக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே பாஸ் கித்தாரும் டிரம்மும் அடித்தளமாய் இருந்தன. இருவர் மட்டும் அமரும் மேடையில் அந்த அடித்தளத்தையும் அவ்விருவரே எழுப்ப வேண்டும். எனவே, பாப்லோவிடமிருந்து நாம் கற்க வேண்டியது அவருடைய மெட்டுகளை அன்று. வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையைத்தான்.

பங்கீட்டின் கணக்கு

இசை அமைப்பு என்றால், பலர் வாசித்த பாட்டை இருவருக்காகச் சுருக்குவது என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். பெரிய வீட்டை இடித்துச் சிறிய வீடு கட்டுவதில்லை. சிறிய மனைக்கென்று தனியே வரைபடம் போடுகிறோம். இணையிசையும் அத்தகையதே.

வரைபடத்துக்கு அளவு வேண்டும். கித்தாரின் ஆறு நரம்புகள், மேற்கத்திய முறையில், கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்கப்படுகின்றன. தாழ்ந்த ஈ நரம்பு ஒரு நொடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகள் கொண்டது. முப்பத்திரண்டு கட்டைகள் கொண்ட வழக்கமான மெலோடிக்காவோ ஏறத்தாழ 175 அதிர்வுகள் கொண்ட எஃப் சுரத்தில் தொடங்கி, இரண்டரை ஸ்தாயிக்குச் சற்று மேலாக ஏறி, சி சுரத்தில் முடிகிறது. இதன் பொருள் என்ன? கித்தாரின் அடியிலுள்ள பதின்மூன்று சுரங்கள் மெலோடிக்காவுக்கு எட்டாதவை. அந்த மந்தர நிலம் கித்தாருக்கு மட்டுமே உரியது. அதற்கு மேலே இரு கருவிகளும் ஒரே தெருவில் நடக்கின்றன. அங்கேதான் மோதலும் நேர்கிறது.

இம்மோதலை அறியாத இணையர்களிடம் மூன்று குற்றங்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். முதலாவது, கித்தார்க்காரர் ஆறு நரம்புகளையும் எப்போதும் சேர்த்து மீட்டுவது. அவருடைய மேல் நரம்புகளின் ஒலி, மெலோடிக்காவின் மெட்டு நடமாடும் இடத்திலேயே விழுந்து அதனை மறைக்கிறது. கட்டைவிரலால் கீழ் நரம்பில் ஒரு மந்தர சுரமும், நடு நரம்புகளில் இரண்டு சுரங்களும் போதுமானவை. இரண்டாவது, மெலோடிக்கா வாசிப்பவர் தாமும் கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளை நிரப்புவது. மூன்று கட்டைகளை ஒருங்கே அழுத்தினால் மூச்சு விரைவில் தீர்கிறது. அன்றியும், ஒரே மூச்சு எல்லா ரீடுகளையும் ஊட்டுவதால், ஒரு சுரத்தை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த வழியில்லை. மூன்றாவது குற்றமே பெரியது; அது மௌனத்துக்கு அஞ்சுதல். மெலோடிக்காக்காரர் மூச்சு வாங்கும் கணத்தை ஒரு குறையாகக் கருதி, கித்தார்க்காரர் அதனைச் சுரங்களால் அடைத்துவிடுகிறார். மூச்சு வாங்குவது பேச்சின் இலக்கணம். அந்த இடைவெளியில் ஒற்றை மந்தர சுரம் விழுந்தால் அது விடையாக ஒலிக்கும். பத்துச் சுரங்கள் விழுந்தால் அது குறுக்கீடாகவே ஒலிக்கும்.

பாட்டின் சுருதியைத் தேர்வதிலும் விட்டுக்கொடுத்தல் வேண்டும். ஈ, ஏ, டி, ஜி ஆகிய சுருதிகளில் கித்தாரின் திறந்த நரம்புகள் தாமாகவே முழங்கும். அதே சுருதியில் மெட்டு, மெலோடிக்காவின் நடு ஸ்தாயியில் அமைகிறதா என்று பார்க்க வேண்டும். அடியிலுள்ள ரீடுகள் கனமானவை. ஊதியதும் உடனே பேசா. உச்சியிலுள்ளவை செவியைக் குத்தும். மெட்டு நடுவில் விழாவிட்டால், கித்தாரின் கழுத்தில் கேப்போ என்னும் கவ்வியை வேண்டிய மெட்டுக்கட்டில் பூட்டி, கித்தாரே இடம்பெயர வேண்டும். மதிப்பு மிகுந்த கருவி, மதிப்புக் குறைந்ததாகக் கருதப்படும் கருவிக்காக இறங்கிவரும் இடம் இது. அதில் இழிவு ஏதுமில்லை.

பங்கை மாற்றிக்கொள்ளும் அழகும் உண்டு. சில அடிகளில் மெலோடிக்கா ஒரே சுரத்தை ஆதார சுருதிபோல் மெல்லப் பிடித்து நிற்க, கித்தார் மெட்டைப் பாடலாம். அப்போது ஒரு செய்தியை மறக்கலாகாது. கித்தாரின் ஒலி பிறந்த கணமே தேயத் தொடங்குகிறது. மெலோடிக்காவின் ஒலி மூச்சு உள்ளவரை தேயாது. எனவே மெலோடிக்கா பாதி மூச்சோடு ஊதினாலன்றி நரம்பின் குரல் எழாது. வலியவர் தம் வலிமையைப் பாதியாக்கிக்கொண்டால்தான் மெலியவர் பேச முடியும் என்ற நீதி, இங்கு ஓசையின் கணக்காகவே நம் செவிக்குக் கிடைக்கிறது.

சுருதியில் யார் யாருக்கு இணங்குவது?

இரு கருவிகளும் சுருதி சேரும் வேளையில், யார் இணங்குவது என்ற கேள்விக்கு விவாதமே இல்லை. ரீடுகளை மேடையில் அமர்ந்து திருத்த முடியாது; நரம்புகளையோ முறுக்கித் திருத்தலாம். ஆகவே கித்தார்தான் மெலோடிக்காவுக்கு இணங்க வேண்டும். ஆனால் நடைமுறையில் நேர்வது என்ன? கித்தார்க்காரர் தம் மின் அளவியை 440 அதிர்வுக்கு அமைத்துச் சுருதி சேர்த்துவிடுகிறார். ஜப்பானிய மெலோடியன்களோ 442 அதிர்வை ஆதாரமாகக் கொண்டு செய்யப்படுகின்றன. இரண்டு அதிர்வுதானே என்று நினைக்கலாம். அந்த ஏ சுரத்தை இருவரும் சேர்ந்து பிடித்தால், நொடிக்கு இரண்டு முறை ஓசை பருத்தும் மெலிந்தும் அலையும். மேடையில் இருப்பவர்களுக்கு அது பழகிவிடுகிறது. கேட்பவர்களுக்கோ காரணம் தெரியாத ஓர் அலுப்பு உண்டாகிறது. "மெலோடிக்காவே சுருதி சேராத கருவி" என்று எழுந்து செல்கிறார்கள். பழி மாணவன்மேல் விழுகிறது. பிழையோ அளவியை மாற்றாத ஆசிரியரிடம் இருக்கிறது.

இதனோடு, பலமாக ஊதினால் ரீடின் சுருதி சற்றுத் தாழும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். எந்த மூச்சில் வாசிக்கப்போகிறோமோ அதே மூச்சில் சுரத்தை ஒலித்துக்காட்டி, அதற்கே நரம்பைச் சேர்ப்பது முறை. மேலும், கித்தார் நரம்பை விரலால் இழுத்து வளைக்கும். மெலோடிக்காவால் அந்த அளவு வளைய இயலாது. ஆதலின் இருவரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் அடிகளில் கித்தார் நேராகவே நடக்க வேண்டும். வளைவுகளைத் தனித்து வாசிக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

பேணுதலும் கலையே

கருவியைப் பேணுவதை வேலைக்காரர் தொழிலாகவும், வாசிப்பதை மட்டும் கலைஞர் தொழிலாகவும் பிரித்துப் பார்க்கும் மனப்பான்மை நம்மில் பலருக்கு உண்டு. மெலோடிக்கா இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்வதில்லை. மனித மூச்சில் ஈரம் உண்டு. அந்த ஈரம் குளிர்ந்த ரீடுகளில் பட்டு நீராகிறது. நீர் தங்கிய ரீடு குரல் கம்மிப் பேசுகிறது. நாளடைவில் களிம்பேறிச் சுருதி மாறுகிறது. எனவே வாசிப்பதற்கு முன் கருவியைக் கையில் வைத்துச் சற்று வெதுவெதுப்பாக்குவதும், வாயைக் கொப்பளிப்பதும், இனிப்பு உண்ட வாயோடு ஊதாமலிருப்பதும் தேவை. வாசித்து முடிந்ததும், நீர் வெளியேற்றும் பொத்தானை அழுத்தி ஊதி ஈரத்தை நீக்கி, காற்றாட வைத்த பின்னரே பெட்டிக்குள் மூட வேண்டும். வாய்க்குழலைத் தனியே கழுவ வேண்டும். ஒருவர் வாய்க்குழலை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. பிள்ளைகள் பலர் உள்ள வீடுகளில் இது மிகவும் கருதத்தக்கது.

ஒரு சுரம் திடீரென ஊமையானால், பெரும்பாலும் காரணம் ரீடின் இடுக்கில் சிக்கிய ஒரு தூசியாகவே இருக்கும். மெல்லிய தாள் ஒன்றால் அதனை அகற்றலாம். சுருதியே மாறிவிட்டால் அரத்தால் ராவ வேண்டும். நாக்கின் நுனியை ராவினால் சுருதி ஏறும். அடியை ராவினால் இறங்கும். ராவிய உலோகம் திரும்பி வாராது. ஆதலால் ஒரு ராவலுக்கும் அடுத்த ராவலுக்கும் இடையே பலமுறை கேட்கும் பொறுமை வேண்டும். இந்தப் பொறுமை உள்ளவரின் வாசிப்பிலும் அது தெரியும் என்பதே நம் எண்ணம்.

கித்தாரின் தேவைகள் வேறு வகையின. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் எஃகு நரம்புகள் விரைவில் துருவேறும்; வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். புதிய நைலான் நரம்புகள் சில நாள்வரை நீண்டுகொண்டே இருக்கும். நிகழ்ச்சி நாளன்று மாற்றினால் மேடையில் அவமானமே மிஞ்சும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் சென்றால் பசை இளகி மரம் விட்டுக்கொடுக்கும். நம் கேள்வி இதுதான்: ஒருவர் தம் கருவிக்கு அரை மணி நேரம் செலவிட மறுத்தால், நாம் அவருடைய இசைக்கு ஒரு மணி நேரம் ஏன் செலவிட வேண்டும்?

நம் தீர்ப்பு

இனி, இத்தகைய இணையிசையைக் கேட்கும்போது நாம் எதனைக் கொண்டு மதிப்பிடுவது? வேகத்தைக் கொண்டன்று. வேகம் ஒருவருக்குரிய திறமை, இணக்கம் இருவருக்குரியது. கித்தார் ஒலிக்கும்போது மெலோடிக்காவின் மூச்சு அடங்குகிறதா? மெலோடிக்கா மூச்சு வாங்கும்போது கித்தார் காத்திருக்கிறதா? ஒரே இடத்தில் இருவரும் நிற்க நேர்ந்தால் ஒருவர் விலகுகிறாரா? நீண்ட கார்வையில் இரு ஒலிகளும் அலைவின்றி ஒன்றாகின்றனவா? இந்நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், அங்கே கலை இருக்கிறது. கருவியின் விலை அதற்குள் புகுவதற்கில்லை.

எல்லாப் பாட்டும் இவ்விரு கருவிகளுக்கும் பொருந்தும் என்று நாம் வாதிடவில்லை. கமகத்தையே உயிராகக் கொண்ட இராக ஆலாபனையை மெலோடிக்காவிடம் கேட்பது முறையாகாது. பேரோசை வேண்டும் இடத்தில் நைலான் கித்தாரை நிறுத்துவதும் முறையாகாது. எளிய மெட்டும், நிதானமான நடையும், தெளிந்த சுரக்கூட்டும் கொண்ட பாட்டுகளில் இவ்விணை தருவதைப் பெரிய வாத்தியக் குழுவால் தர இயலாது. ஏனெனில், குழுவில் ஒருவர் தவறினால் மற்றவர் மறைத்துவிடுவர்; இருவர் இசையில் மறைப்பதற்கு யாரும் இல்லை. கேட்பவருக்கு ஒவ்வொரு மூச்சும் ஒவ்வொரு விரலும் தெரிகிறது.

ஆகவே, வீட்டு அலமாரியில் பள்ளி நாட்களோடு மூடிவைக்கப்பட்ட மெலோடிக்கா ஏதேனும் இருந்தால், பெற்றோர் அதனைத் திறந்து, உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாக் கட்டைகளும் பேசுகின்றனவா என்று ஊதிப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டிலோ உறவிலோ கித்தார் பழகும் பிள்ளை ஒருவர் இருந்தால், இருவரையும் எதிரெதிரே அமர்த்தி, முதலில் ஒரே ஒரு சுரத்தை அலைவின்றிச் சேர்ந்து பிடிக்கச் சொல்லட்டும். அந்த ஒரு சுரம் கைவந்தபின் பாட்டைப் பற்றிப் பேசலாம்.